கடையில் உருண்டு புரண்டு அழும் 2 வயசு குழந்தை... பிடிவாதமா, இயலாமையா? அந்த 5 நிமிஷத்தில் பெற்றோர் என்ன செய்யணும்?

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசை. கவுன்ட்டருக்குப் பக்கத்தில், சரியாக குழந்தையின் கண் மட்டத்தில் சாக்லேட் அடுக்கி வைத்திருக்கிறார்கள். "வேணும்" என்கிறது குழந்தை. "வேணாம்டா தங்கம், வீட்ல இருக்கு" என்கிறீர்கள். அடுத்த அரை நிமிஷத்தில் குழந்தை தரையில் கிடக்கிறது. கையைக் காலை உதைத்து, முகம் சிவக்க அலறுகிறது. பின்னால் நிற்பவர்கள் குழந்தையைப் பார்ப்பதில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது மூன்றில் ஒன்று. சாக்லேட்டை எடுத்துக் கொடுத்துவிடுவோம். முதுகில் ஒன்று வைப்போம். இல்லையென்றால் போனை எடுத்துக் கையில் திணிப்போம். மூன்றுமே அந்த நிமிஷத்துக்கு சத்தத்தை நிறுத்தலாம். ஆனால் அடுத்த முறை அதே அழுகை இன்னும் பலமாக வருவதற்கும் அவையே வழி பண்ணிவிடும். ஏன் அப்படி? குழந்தையின் தலைக்குள் அப்போது என்ன நடக்கிறது? அந்த ஐந்து நிமிஷத்தை எப்படிக் கடப்பது? எப்போது டாக்டரிடம் போகணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டான்ட்ரம் என்றால் என்ன?

'அடம் பிடிக்குது', 'வீம்பு பண்ணுது', 'முரண்டு பிடிக்குது'. இதைச் சொல்ல நம்மிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே குழந்தை தெரிந்தே, வேண்டுமென்றே செய்கிறது என்கிற அர்த்தத்தில் வரும் வார்த்தைகள்.

குழந்தைகள் நல மருத்துவர்கள் 'டான்ட்ரம்' என்று சொல்வது வேறு. கோபமோ ஏமாற்றமோ தாங்க முடியாத அளவுக்கு வருகிறது. அதை அடக்கும் திறன் குழந்தைக்கு இன்னும் வளரவில்லை. அதனால் அழுகை, அலறல், உதை, அடி என்று உடம்பு வழியாக அது வெளியே வருகிறது. இதுதான் டான்ட்ரம்.

பொதுவாக ஒரு வயசை ஒட்டித் தொடங்கும். 2 முதல் 3 வயசுக்குள் உச்சத்தில் இருக்கும். 4 வயசுக்குப் பிறகு, பேச்சு கைகூடக் கைகூட, படிப்படியாகக் குறையும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள மேடிசன் நகரில் 335 குழந்தைகளின் பெற்றோரிடம் விவரம் வாங்கி, மைக்கேல் போட்டிகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற ஆய்வாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை வயசு முதல் 2 வயசு வரையிலான குழந்தைகளில் 87 சதவீதம் பேருக்கு டான்ட்ரம் இருந்தது. இரண்டரை முதல் 3 வயசில் அது 91 சதவீதம். மூன்றரை முதல் 4 வயசில் 59 சதவீதமாக இறங்கிவிட்டது.

அதாவது, 'ஊர்ல எந்தப் புள்ளையும் இப்படி இல்ல, என் புள்ள மட்டும்தான்' என்று நினைக்க வேண்டியதே இல்லை. இந்த வயசில் டான்ட்ரம் வராத குழந்தைகள்தான் குறைவு.

அதே ஆய்வில் இன்னொரு ஆறுதலான தகவலும் இருக்கிறது. நான்கில் மூன்று டான்ட்ரம்கள் 5 நிமிஷமோ அதற்குள்ளோ முடிந்துவிட்டன. கடையில் நிற்கும்போது அரை மணி நேரம் மாதிரி தோன்றுவது, கடிகாரத்தில் பார்த்தால் பெரும்பாலும் சில நிமிஷங்கள்தான்.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் மூளையில் ஆபத்து, பயம், கோபம் போன்றவற்றுக்கு உடனே மணி அடிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அமிக்டலா. 'இரு, அவசரப்படாதே, யோசி' என்று பிரேக் போடும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ்.

பிறந்த சில மாதங்களிலேயே மணி நன்றாக அடிக்கும். ஆனால் பிரேக் வளர்ந்து முடிய இருபது வயசுக்கு மேல் ஆகிவிடும். 2 வயசு குழந்தை என்பது மணி மட்டும் பலமாக அடிக்கிற, பிரேக் இன்னும் சரியாகப் பொருத்தாத ஒரு வண்டி. 'அழுகையை நிறுத்து' என்று அந்தக் குழந்தையிடம் கத்துவது, இன்னும் நடக்கவே தெரியாத குழந்தையிடம் 'ஓடு' என்று சொல்வது மாதிரிதான்.

இதோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன.

முதலாவது, பேச்சு. 2 வயசு குழந்தைக்கு நாம் பேசுவது நிறையப் புரியும். ஆனால் திருப்பிச் சொல்ல வருவது 'பால் வேணும்', 'அப்பா வா' என்ற மாதிரி இரண்டு வார்த்தைதான். 'நீல கப்புலதான் எனக்குப் பால் வேணும், நீ ஏன் சிவப்புல ஊத்தின?' என்று மனசில் இருப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காதபோது கப் பறக்கிறது.

இரண்டாவது, 'நானே!' என்கிற பருவம். செருப்பை நானே போடுவேன், லிஃப்ட் பட்டனை நானே அழுத்துவேன். தானும் ஒரு தனி ஆள் என்று குழந்தைக்குத் தெரிய ஆரம்பிக்கிற காலம் இது. ஆனால் ஆசைக்குக் கை விரல் ஒத்துழைப்பதில்லை. ஆஃபீஸுக்கு நேரமாச்சு என்று நாமும் காத்திருப்பதில்லை. மோதல் அங்கேதான் ஆரம்பம்.

கோபம் முதலில், சோகம் பின்னால்

டான்ட்ரத்துக்குள் இரண்டு உணர்ச்சிகள் இருப்பதாக மேலே சொன்ன ஆய்வு சொல்கிறது. ஒன்று கோபம்: அலறுவது, உதைப்பது, அடிப்பது, பொருளை எறிவது. இது தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், சீக்கிரம் இறங்கிவிடும். இன்னொன்று சோகம்: தேம்பி அழுவது, சிணுங்குவது, அணைப்பைத் தேடி வருவது. கோபம் வடிந்த பிறகு மிச்சமிருப்பது பெரும்பாலும் இதுதான்.

பெற்றோருக்கு இது ரொம்ப முக்கியமான விஷயம். கோபம் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் சொல்லும் நியாயம் எதுவும் குழந்தையின் காதில் ஏறாது. கேள்வி கேட்டால் கத்தல் கூடும். கட்டிப்பிடிக்கப் போனால் தள்ளிவிடும். ஆனால் அலறல் தேம்பலாக மாறும் அந்தக் கட்டத்தில் குழந்தைக்கு நீங்கள் வேண்டும். கை நீட்ட வேண்டிய நேரம் அதுதான்.

இதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று: முதல் அரை நிமிஷத்துக்குள் காலை உதைத்துத் தரையில் விழுந்துவிடும் குழந்தைகளின் டான்ட்ரம் சீக்கிரம் முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். தரையில் விழுந்ததுமே 'எல்லாம் கைமீறிப் போச்சு' என்று பதற வேண்டாம்.

அந்த 5 நிமிஷத்தில் செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் மூச்சைக் கவனியுங்கள். பதில் சொல்வதற்கு முன் இரண்டு முறை மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். பிரேக் இல்லாத அந்த வண்டிக்கு இப்போதைக்கு நீங்கள்தான் பிரேக். நீங்களும் கத்தினால், அங்கே டான்ட்ரம் இரண்டு ஆகிவிடும்.

2. பாதுகாப்பைப் பாருங்கள். ரோடு, படிக்கட்டு, அடுப்பு, கண்ணாடி பக்கத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம். தூக்கி ஓரமாக, கூட்டம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். மற்றவரை அடித்தால் கையை மெதுவாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன், வலிக்கும்" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும்.

3. குழந்தையின் உயரத்துக்கு இறங்குங்கள். மேலே நின்று விரலை நீட்டிப் பேசினால் அதுவே மிரட்டல்தான். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். குரலைத் தாழ்த்துங்கள். அடிக்கடி பேச வேண்டாம்.

4. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள். "பாப்பாவுக்கு அந்த சாக்லேட் வேணும். கிடைக்கலைன்னு கோவமா இருக்கு. அம்மாவுக்குத் தெரியுது." இவ்வளவுதான். குழந்தையால் சொல்ல முடியாத வார்த்தையை நீங்கள் சொல்லித் தருகிறீர்கள். நாளைக்கு உதைப்பதற்குப் பதில் 'கோவம்' என்று சொல்லப்போவது இப்படிக் கேட்டுப் பழகிய குழந்தைதான்.

5. சொன்ன 'இல்லை'யை மாற்றாதீர்கள். "இன்னைக்கு சாக்லேட் இல்ல. அப்பா இங்கயே பக்கத்துல இருக்கேன்." இந்த இரண்டும் சேர்ந்தே வரணும். 'இல்ல' மட்டும் சொன்னால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் இருந்துகொண்டு கடைசியில் சாக்லேட்டையும் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்ற பாடம் ஆகிவிடும்.

6. முடிந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுங்கள், முகத்தைத் துடைத்துவிடுங்கள். அப்போதே உட்கார வைத்து 'இப்படிப் பண்ணலாமா?' என்று பாடம் நடத்த வேண்டாம். "ரொம்ப அழுதுட்ட. இப்ப சரியாயிடுச்சு. வா, போலாம்." அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், உணர்ச்சிக்கு இடம் உண்டு, கேட்ட பொருள் கிடையாது. அழுகையை நிறுத்துவது உங்கள் வேலை இல்லை. அது முடிகிற வரை குழந்தை தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

'ஒரே ஒரு தடவைதானே' ஏன் ஆபத்து?

நான்கு நாள் 'இல்லை' என்று உறுதியாக இருக்கிறீர்கள். ஐந்தாவது நாள் களைப்பு, கூட்டம், மானம் போகிறது என்ற பயம். கொடுத்துவிடுகிறீர்கள். குழந்தை இதில் என்ன கற்றுக்கொள்கிறது? நான்கு நாள் கிடைக்கவில்லை என்பதை அல்ல. இன்னும் கொஞ்சம் பலமாக, இன்னும் கொஞ்ச நேரம் அழுதால் கிடைக்கலாம் என்பதைத்தான்.

எப்போதாவது ஒரு முறை பரிசு விழுவதால்தான் லாட்டரி வாங்குகிறவர் நிறுத்துவதில்லை. இங்கேயும் அதேதான். எப்போதுமே கொடுப்பதைவிட, எப்போதாவது கொடுப்பது பழக்கத்தை இறுக்கிவிடும்.

இன்னொரு விஷயத்துக்கும் தயாராக இருங்கள். இதுவரை அழுதால் கொடுத்துப் பழகிய வீட்டில் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாள் அழுகை குறையாது, கூடும். 'இந்த முறை வேலைக்கே ஆகலை' என்று பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான். அங்கே தாக்குப்பிடித்தால் பிறகு இறங்கத் தொடங்கும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொல்லணும் என்று அர்த்தம் இல்லை. கொடுக்கலாம் என்றால் அழுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். எது முக்கியமோ அதற்கு மட்டும் 'இல்லை' சொல்லுங்கள். பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தால் குடி முழுகிப்போகாது.

எந்த இடத்தில் என்ன சொல்வது?

கடைக்குப் போகும்போது: உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். "இன்னைக்கு அரிசியும் சோப்பும் வாங்கப் போறோம். பொம்மை வாங்கல. சோப்பை நீதான் கூடைல போடணும், சரியா?" கையில் ஒரு வேலை இருந்தால் கண் அலமாரிப் பக்கம் போவது குறையும்.

போன், டிவியை நிறுத்தும்போது: பாட்டு ஓடும்போது நடுவில் பிடுங்காதீர்கள். 'இன்னும் 5 நிமிஷம்' என்பது 2 வயசுக்குப் புரியாது. "இந்தப் பாட்டு முடிஞ்சதும் டாட்டா சொல்லிடலாம்" என்றால் புரியும். முடிந்ததும் ஆஃப் பட்டனை குழந்தையையே அழுத்தச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரம்: "சாப்பிடுறியா, இல்லையா?" என்று கேட்டால் பதில் 'இல்லை'தான். "இட்லியை நெய் தொட்டு சாப்பிடலாமா, சர்க்கரை தொட்டு சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். இரண்டு பதிலும் உங்களுக்குச் சம்மதமானதாக இருக்கணும். வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டால் திணிக்க வேண்டாம், தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளைக்குப் பார்க்கலாம்.

காலையில் கிளம்பும்போது: செருப்பை 'நானே' என்றால், பத்து நிமிஷம் முன்னதாக ஆரம்பிப்பதுதான் ஒரே வழி. "ஒரு கால் நீ, ஒரு கால் அப்பா" என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

கல்யாண மண்டபம், கோயில் திருவிழா: மேளச் சத்தம், கூட்டம், கன்னத்தைக் கிள்ளும் பத்துப் பேர், தள்ளிப்போன மதியத் தூக்கம். இந்த இடத்தில் குழந்தை அழுதால் அது உங்கள் வளர்ப்பின் குறை அல்ல. வெளியே காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். முகூர்த்தம் முடியும் வரை உட்கார்ந்தே ஆகணும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

செய்யவே கூடாதவை

அடிப்பது: அடி விழுந்ததும் குழந்தை அமைதியாவது பயத்தால், புரிதலால் அல்ல. 1,60,000-க்கும் அதிகமான குழந்தைகள் தொடர்பான 75 ஆய்வுகளைத் தொகுத்து, எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் ஆகியோர் 2016-ல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டார்கள். கையால் அடித்து வளர்க்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்படுவதுடன்தான் அந்த அடி தொடர்புபட்டிருந்தது. நல்ல பலன் எதனுடனும் இல்லை. அடிப்பதைத் தவிர்க்கும்படி அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவ அகாடமி 2018-ல் பெற்றோருக்கு வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. 'அடிக்கக் கூடாது' என்று சொல்லிக்கொண்டே அடித்தால், குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு ஆய்வுகூட தேவையில்லை.

போனைக் கொடுப்பது: அழும்போதெல்லாம் போன் கொடுத்து அமைதிப்படுத்தினால் என்ன ஆகும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயசு குழந்தைகளிடம் பார்த்தார்கள். அடிக்கடி அப்படிச் செய்த வீடுகளில், சில மாதங்களில் குழந்தைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியிருந்தது. ஆண் குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தானாக அமைதியாகப் பழகும் வாய்ப்பை ஒவ்வொரு முறையும் போன் பறித்துக்கொள்கிறது. 2 வயசுக்குக் கீழ் ஸ்கிரீனே வேண்டாம், 2 முதல் 5 வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பதுதான் இந்திய குழந்தைகள் நல மருத்துவ அகாடமியின் அறிவுரை. சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு.

பயமுறுத்துவது: 'பூச்சாண்டி வருவான்', 'போலீஸ் மாமா பிடிச்சிட்டுப் போயிடுவார்', 'டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்'. குழந்தை நிஜமாகவே நம்புகிற வயசு இது. இரவில் திடுக்கிட்டு எழும், ஆஸ்பத்திரி வாசலிலேயே அலறும். கூட்டத்தில் தொலைந்துபோனால் உதவி கேட்க வேண்டிய போலீஸைக் கண்டு ஓடும்.

'உன்னை விட்டுட்டுப் போறேன்' என்பது: இதுவும் அதே வகைதான். நீங்கள் நாலு அடி நடந்ததும் குழந்தை ஓடி வரும். அடம் தீர்ந்ததால் அல்ல, உலகமே போய்விட்டது என்ற பயத்தால்.

வீடியோ எடுப்பது: அழும் குழந்தையை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது நமக்குச் சிரிப்பு. தன் வாழ்க்கையின் மோசமான நிமிஷத்தில், நம்பியிருக்கும் ஆள் கேமராவோடு சிரிப்பதைத்தான் குழந்தை பார்க்கிறது.

தாத்தா, பாட்டி குறுக்கே வந்தால்?

நம் வீடுகளில் நிஜமான சிக்கல் பல நேரம் இதுதான். அம்மா 'இல்லை' என்பார். பாட்டி முந்தானைக்குள்ளிருந்து மிட்டாயை எடுப்பார். 'புள்ளைய இப்படி அழ விடுறியே, மனசு கல்லா?' என்ற பேச்சும் கூடவே வரும். அப்பா யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அழுகை நடக்கும்போது இந்த விவாதம் வேண்டாம். குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து பேசுங்கள். "அத்தை, அவன் அழறதைப் பார்த்தா எனக்கும் மனசு கேட்கல. ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொன்னா அவனுக்குத்தான் குழப்பம். மிட்டாய், போன், அடி... இந்த மூணுல மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி இருப்போமா?" என்று கேட்கலாம். தன் அப்பா அம்மாவிடம் இதைப் பேச வேண்டியது மகன்தான், மருமகள் தலையில் கட்டக் கூடாது.

பெரியவர்களிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது, காக்காயைக் காட்டிப் பேச்சை மாற்றுவது, கதை சொல்லித் தோளில் போட்டுக்கொள்வது எல்லாம் கவனத்தைத் திருப்பும் அருமையான வழிகள். ஒரே ஒரு நிபந்தனை: குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும்போதே செய்யணும். அலறல் உச்சத்துக்குப் போன பிறகு நிலாவும் எடுபடாது.

வராமல் தடுக்க முடியுமா?

முழுசாக முடியாது. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஒரு வாரம், அடம் பிடித்த நேரத்தை மட்டும் காலண்டர் தாளில் குறித்து வாருங்கள். பல வீடுகளில் அது மதிய தூக்கத்துக்கு முன்னாலும், சாயங்காலம் 6 மணியைத் தாண்டியும்தான் குவியும். அதாவது பசியும் தூக்கமும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, 1 முதல் 2 வயசு குழந்தைக்கு பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 3 முதல் 4 வயசுக்கு 10 முதல் 13 மணி நேரம். நாம் சீரியல் முடிந்து 11 மணிக்குத் தூங்கினால் குழந்தையும் 11 மணிக்குத்தான் தூங்கும். மறுநாள் அடத்தின் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

வெளியே போகும்போது பையில் தண்ணீரும், வாழைப்பழம் மாதிரி ஏதாவது ஒன்றும் இருக்கட்டும். குழந்தை நன்றாக நடந்துகொண்டால் அதையும் வாய் திறந்து சொல்லுங்கள். 'குட் பாய்' என்பதைவிட "கேட்டதும் பொம்மையைத் திருப்பிக் கொடுத்தியே, சூப்பர்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுவது மனசில் நிற்கும்.

அழுதுகொண்டே மூச்சடைத்து நீலமாகிவிட்டால்?

பெற்றோரை நடுங்க வைக்கும் விஷயம் இது. குழந்தை வீறிட்டு அழும், சட்டென்று சத்தம் நிற்கும், மூச்சு வராது, உதடு நீலமாகும், சில நேரம் மயங்கிச் சரியும். இதை மூச்சடைப்பு என்கிறார்கள். நூற்றில் ஐந்து குழந்தைகள் வரை இது வரலாம். பெரும்பாலும் 6 மாதத்துக்கு மேல் தொடங்கி, பள்ளிக்கூடம் போகும் வயசில் தானாக நின்றுவிடும். குழந்தை இதை வேண்டுமென்று செய்வதில்லை. வழக்கமாக ஒரு நிமிஷத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும்.

செய்ய வேண்டியது: தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது: உலுக்கக் கூடாது. வாயில் விரலோ ஸ்பூனோ விடக் கூடாது. கையில் இரும்பு கொடுப்பது, மூக்கில் வெங்காயம் வைப்பது எல்லாம் தேவையில்லை.

முதல் முறை வந்தால் கண்டிப்பாக டாக்டரிடம் காட்டணும். வலிப்பும் இதய பிரச்சனையும் இல்லை என்று அவர்தான் உறுதி செய்ய முடியும். ஒரு நிமிஷத்துக்கு மேல் மூச்சோ நினைவோ திரும்பாவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: மூச்சடைப்புக்கும் இரும்புச்சத்து குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. எனவே ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். குறைபாடு இருந்து, இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் பல குழந்தைகளுக்கு மூச்சடைப்பு வெகுவாகக் குறைகிறது. மருந்தின் அளவை டாக்டர்தான் சொல்லணும், நாமாகக் கொடுக்கக் கூடாது.

எப்போது டாக்டரிடம் போகணும்?

அடம் பிடிப்பது சகஜம் என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 6 வயசு வரையிலான 279 குழந்தைகளை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு, கவனிக்க வேண்டிய அறிகுறிகளாக ஐந்தைச் சொன்னது.

* தலையைச் சுவரில் மோதுவது, தன்னைத்தானே கடிப்பது என்று காயப்படுத்திக்கொள்வது.
* பாதிக்கும் மேற்பட்ட முறை, பக்கத்தில் இருப்பவரையோ பொருட்களையோ தாக்குவது.
* சராசரியாக 25 நிமிஷத்துக்கு மேல் நீடிப்பது.
* ஒரு மாதத்தில் 10 முதல் 20 நாள் வருவது, அல்லது ஒரே நாளில் 5 முறைக்கு மேல் பல நாட்கள் வருவது.
* யாராவது தலையிடாமல் தானாக அமைதியாகவே முடியாதது.

ஒரு நாள் பசியிலோ காய்ச்சலிலோ இப்படி நடந்தால் அது கணக்கில்லை. இதுவே வழக்கமாகிவிட்டால்தான் யோசிக்கணும். அப்போதும் இது நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு முறை காட்டிவிடணும், அவ்வளவுதான்.

2 வயசாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போய்விட்டன என்றால் 'ஆம்பள புள்ள லேட்டாதான் பேசும்' என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்பதையும் வளர்ச்சியையும் பரிசோதிக்கணும். திடீரென்று நாள் முழுக்க சிணுங்கும் குழந்தைக்குக் காது வலியோ மலச்சிக்கலோகூட இருக்கலாம்.

எங்கே போவது? முதலில் வழக்கமாகத் தடுப்பூசி போடும் குழந்தைகள் நல மருத்துவர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு மாவட்ட அளவில் 'டிஇஐசி' எனப்படும் தொடக்கநிலை சிகிச்சை மையங்களில் இலவசமாகப் பரிசோதனையும் பயிற்சியும் தருகிறார்கள். அங்கன்வாடி பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

கடைசியாக, உங்களைப் பற்றி

தூக்கமில்லாத இரவு, ஆஃபீஸ் வேலை, தனிக்குடித்தனம், உதவிக்கு ஆள் இல்லை. இந்த நிலையில் குழந்தை அலறும்போது கை ஓங்கத் தோன்றுவது பலருக்கும் வரும் உணர்வுதான். அப்படித் தோன்றினால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு, "அம்மா தண்ணி குடிச்சிட்டு இதோ வரேன்" என்று சொல்லி ஒரு நிமிஷம் விலகுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் கை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் குழந்தைக்கு எதுவும் குறைந்துவிடாது.

தினமும் அப்படித்தான் இருக்கிறது, அழுகையாக வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதுவும் கவனிக்க வேண்டியதே. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை கடை வரிசையில் வேறு யாருடைய குழந்தையாவது தரையில் உருண்டால், திரும்பி முறைக்காமல் "பரவாயில்லக்கா, நீங்க மெதுவா பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்த 5 நிமிஷத்தில் அந்த அம்மாவுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.